கோபத்துக்கு ஆலோசகரைத் தேடிப் போகிறவர்களுக்கு

வேளச்சேரியில் நாங்கள் குடியிருப்பது முதல் மாடி. மாலையில் கீழே என் வண்டிச் சத்தம் கேட்டதும் மேலே தொலைக்காட்சிச் சத்தம் நின்றுவிடும். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பல மாதங்கள் அதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவள் படிப்பதற்காகப் போகவில்லை, என் கண்ணில் படாமல் இருப்பதற்காகப் போகிறாள் என்று ஒரு நாள் இரவு என் மனைவி மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் கோபத்துக்குச் சிகிச்சை என்று ஒன்று உண்டா என்று தேடத் தொடங்கினேன்.

உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ 1975இல் கோபத்தைக் கையாளும் பயிற்சி முறையை வகுத்து வெளியிட்டதிலிருந்து இந்தத் துறையில் ஆய்வுகள் தொடர்ந்து நடந்துவருகின்றன. 1998இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சையைப் பெற்றவர், சராசரியாக, அதைப் பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்று தெரியவந்தது. சுருக்கமாக சி.பி.டி. என்று அழைக்கப்படும் இந்தச் சிகிச்சையைத்தான் நானும் பெற்றேன். நான் மருத்துவன் அல்ல. ஏறக்குறைய நான்கு மாதங்களில் 12 அமர்வுகளுக்குச் சென்றவன். இதே வழியில் போக நினைத்துத் தயங்கி நிற்பவருக்கு, எங்கே போவது, அங்கே என்ன நடக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எப்போது போக வேண்டும்

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியம் என்னைப் பத்து ஆண்டுகள் காப்பாற்றிவிட்டது என்பதால் அதன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கோபப்படுவதே நோய் அல்ல. அநியாயத்தைக் கண்டு எழாத மனம் ஆரோக்கியமானது என்றும் எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார். அவர் பார்ப்பது வேறு: வாரத்தில் எத்தனை முறை வருகிறது, காரணத்துக்கு மீறி வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது, நின்றபின் என்னென்ன உடைந்திருக்கின்றன. பொருளை எறிவது, கதவை அறைவது, வண்டி ஓட்டும்போது இன்னொருவரைத் துரத்திச் சென்று சண்டை போடுவது, மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே வாரத்தில் மீண்டும் செய்வது, வீட்டில் உள்ளவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போவதற்கு அது போதுமான காரணம்.

இன்னொரு கேள்வியையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் யார்மீது பாய்கிறது? “கோபம் வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது” என்று நான் முதல் அமர்வில் சொன்னபோது, அலுவலகத்தில் மேலாளர் முன்னால் கடைசியாக எப்போது கண் மண் தெரியாமல் போனது என்று ஆலோசகர் கேட்டார். ஒரு முறைகூட இல்லை. அவர் என்னைக் குற்றம் சாட்டுவதற்காக அதைக் கேட்கவில்லை. அடக்கும் திறன் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுவருவது மட்டுமே வேலை என்று காட்டுவதற்காகக் கேட்டார். அதன்பின் நாங்கள் செய்த எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வந்தவைதான்.

யாரிடம் போவது

ஆலோசகரைத் தேடும் முன் ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு சுரப்பு அதிகமாக இருந்தாலும், சர்க்கரை சட்டென்று இறங்கினாலும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும், பல நாள் தூக்கக் குறைவாலும் எரிச்சல் கூடும். மனச்சோர்வு உள்ளவர்களில் சிலர், குறிப்பாக ஆண்கள், அழுவதற்குப் பதிலாகச் சீறுவார்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடி தொடரும்வரை கோபத்துக்கான பயிற்சி பிடிப்பது கடினம். குடிநோய்க்கெனவே சென்னையில் 1980இலிருந்து இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் உள்ளன.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. ஆலோசகர் என்ற சொல்தான் குழப்பம் தருவது. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தவரும், முதுகலைப் பட்டமும் பல ஆண்டுப் பயிற்சியும் பெற்றவரும் ஒரே பெயரில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே தொலைபேசியில் நேரம் கேட்கும்போதே என்ன படித்திருக்கிறீர்கள், கோபத்துக்காக வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, என்ன முறையைக் கையாள்கிறீர்கள், எத்தனை அமர்வுகள் ஆகலாம், ஒரு அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

நான் இதையெல்லாம் கேட்காமல்தான் முதலில் ஒருவரிடம் போனேன். 20 நிமிடத்தில், யோகா செய்யுங்கள், கோயிலுக்குப் போங்கள், மனைவியைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தவறு என்னுடையது என்று தெரிந்து போனவனிடம் மனைவியை அனுசரிக்கச் சொல்பவர் எனக்கு உதவ முடியாது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அப்படி நேர்ந்தால் சோர்ந்துவிடாமல் வேறொருவரிடம் செல்லுங்கள். மூன்று அமர்வுகளுக்குப் பிறகும் பேச்சு மட்டுமே நடந்து, வீட்டில் செய்து பார்க்க எதுவும் தரப்படவில்லை என்றால் அதை நேராகக் கேட்கலாம்.

பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் சென்று ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஒருவரைக் கேலி செய்ய அந்த ஊர்ப் பெயரையே சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கேலிக்கு அஞ்சி எத்தனை பேர் வாசல்வரை போய்த் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நேரில் போகவே தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல் அமர்வு

பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். என்ன நடக்கிறது என்பதோடு, சிறு வயதில் வீட்டில் யார் கோபப்பட்டார்கள், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். என் அப்பா தட்டை எறிவார். நான் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இதைச் சொல்லி முடித்தபோது என்னால் மேற்கொண்டு பேச முடியவில்லை. பழைய கதையைக் கிளறுவது அப்பாவின்மேல் பழி போடுவதற்காக அல்ல. கற்றுக்கொண்டது எது என்று தெரிந்தால்தான் அதை மாற்றிக் கற்க முடியும்.

நீங்கள் சொல்வது வெளியே போகாது. மனநலச் சிகிச்சையில் ரகசியம் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைமீது பாலியல் குற்றம் போன்றவை மட்டுமே விலக்கு. எவையெவை விலக்கு என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அலுவலகத்துக்கோ பெற்றோருக்கோ தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் பாதியை மறைத்தால் சிகிச்சையும் பாதியாகத்தான் இருக்கும்.

நோட்டு

எனக்குத் தரப்பட்ட முதல் வேலை, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோபம் வந்த ஒவ்வொரு முறையும் எழுதுவது. நேரம், இடம், நடந்தது, 0 முதல் 10 வரை கோபத்தின் அளவு, உடலில் தெரிந்தது, மனதில் ஓடிய வாக்கியம், செய்தது, பிறகு நேர்ந்தது. அன்றிரவே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் நியாயம் சேர்ந்துகொள்ளும். என் நோட்டின் மூன்றாம் பக்கம் இது:

“செவ்வாய், இரவு 7.50. கூடம். மகள் கணக்கு நோட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அளவு 8. தாடை இறுகியது, காதோரம் சூடு. ‘எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதே இல்லை, வேண்டுமென்றே செய்கிறாள்.’ நோட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். யாரும் சாப்பிடவில்லை.”

இதைப் படித்த ஆலோசகர் தண்ணீரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. 7.50க்கு முன் என்ன நடந்தது என்று கேட்டார். மாலை 5.30க்கு மேலாளர் அழைத்து, இரண்டு நாள் வேலையை நாளைக்குள் கேட்டார். சரி சார் என்றேன். சிறுசேரியிலிருந்து கிளம்பும்போது 6.15. சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று, மெட்ரோ ரயில் வேலைக்காகக் குறுகிப்போன சாலையில் துரைப்பாக்கம்வரை ஊர்ந்தேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டபின் வயிற்றில் எதுவும் இல்லை. படியேறும்போது அளவு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் 6. தண்ணீர் சேர்த்தது 2 மட்டுமே. எட்டுக்கும் சேர்த்துத் தண்டனை பெற்றவள் எட்டு வயதுக் குழந்தை.

மூன்று வாரப் பக்கங்களை அடுக்கிப் பார்த்தபோது பெரும்பாலானவை இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் இருந்தன. கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவது, வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் அதிலேயே உட்கார்ந்துவிட்டு மேலே ஏறுவது என்று இரண்டே மாற்றங்களைச் செய்தோம். கேட்பதற்குச் சிறியவை. ஆனால் அடுத்த மூன்று வாரத்தில் எட்டைத் தொட்ட பக்கம் ஒன்றுதான். உங்கள் நோட்டு வேறு நேரத்தைக் காட்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரமாக இருக்கலாம், மாமியாரோடு தொலைபேசியில் பேசி முடித்த பிறகாக இருக்கலாம். அந்த நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது என்பது என் அனுபவம்.

மனதில் ஓடும் வாக்கியம்

நடந்த சம்பவத்துக்கும் எழுந்த கோபத்துக்கும் நடுவில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதைத்தான் பிடிக்க வேண்டும் என்று 1950களிலேயே ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் கற்பித்தார். என் நோட்டில் ‘வேண்டுமென்றே’, ‘எப்போதுமே’, ‘என்னை மதிக்கவில்லை’ என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. மரியாதை என்பது நம் வீடுகளில் பெரிய சொல். தண்ணீர் லாரி தாமதமானாலும், கீழ்வீட்டுக்காரர் நம் இடத்தில் வண்டியை நிறுத்தினாலும், தோசை ஆறிப்போனாலும் அது நமக்கு இழைத்த அவமரியாதையாகவே கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அது உண்மை என்பதற்கு என்ன சான்று, வேறு விளக்கம் என்ன என்று எழுதச் சொன்னார்கள். மாற்று வாக்கியம் நம்மால் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பரவாயில்லை, எல்லாம் நன்மைக்கே’ என்று எழுதினால் மனம் ஏற்காது. ‘டம்ளர் மேசை விளிம்பில் இருந்தது, சின்னக் கை பட்டுச் சாய்ந்தது, துடைத்தால் முடிந்தது’ என்று எழுதினால் ஏற்கும்.

உடலின் வேகத்தைத் தணிப்பது

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும்; நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. முக்கியமான விஷயம், இதைக் கோபம் வராத நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பழக வேண்டும் என்பதுதான். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறு. தலையணையைக் குத்துவதும், நண்பரிடம் ஒரு மணி நேரம் திட்டித் தீர்ப்பதும் கோபத்தை ஊறவைக்கின்றன. 154 ஆய்வுகளில் பங்குபெற்ற 10,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2024இல் வெளிவந்த ஆய்வு, உடலின் வேகத்தைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன என்றும், வேகத்தைக் கூட்டும் செயல்கள் பொதுவாகக் குறைப்பதில்லை என்றும் காட்டியது. ஓடுவது உடம்புக்கு நல்லதுதான். கோபம் ஏறிய நேரத்துக்கு அது மருந்தாகாது.

அளவு 5ஐத் தாண்டினால் இடத்தைவிட்டு விலகுவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவே கதவை அறைந்துவிட்டுப் போவது விலகல் அல்ல, அது இன்னொரு அடி. “எனக்குக் கோபம் ஏறுகிறது, அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில் திரும்பி வரவும் வேண்டும். திரும்பி வராவிட்டால் இரண்டாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அரை மணியில் வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, சண்டையை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் கூடாது. நான் தெருமுனைவரை நடந்து, வழியில் உள்ள வீட்டு எண்களைப் படித்துக்கொண்டே வருவேன்.

சொல்லாமல் விட்டதைச் சொல்வது

ஏழாவது அமர்வில் ஆலோசகர் என் மேலாளராக நடித்தார். அவர் வேலையைக் கேட்க, நான் “நாளைக்குள் முடியாது சார், வியாழக்கிழமை காலையில் தர முடியும்” என்று சொல்ல வேண்டும். நான்கு முறை குரல் உடைந்து, ஐந்தாம் முறைதான் வந்தது. வீட்டில் உரக்கப் பேசுகிற பலர் வெளியே பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். வீட்டிலும் “நீ எப்போதுமே இப்படித்தான்” என்பதை விட்டுவிட்டு, நடந்தது என்ன, எனக்கு என்ன தேவை என்ற இரண்டை மட்டும் சொல்லப் பழகினேன்.

நான்காம் அமர்வுக்கு என் மனைவியும் வந்திருந்தார். “பதில் பேசினால் கோபம் கூடும், பேசாவிட்டால் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அதற்கும் கூடும்” என்றார். அவருடைய கோணத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்பதை அன்று கேட்டேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. கை நீட்டுவது, மிரட்டுவது, பணத்தையோ தொலைபேசியையோ பிடுங்கி வைத்துக்கொள்வது நடக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது ஆபத்தாக முடியலாம். அங்கே சொன்ன உண்மைக்கு அன்றிரவு வீட்டில் தண்டனை கிடைக்கும். அடிக்கிறவர் தனியாகச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அடிபடுகிறவர் அவர் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், அதே வீட்டில் பாதுகாப்போடு வசிக்கும் உரிமையையும் கேட்டுப் பெறலாம். கோபம் தன்மீதே திரும்பி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழையுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. மனச்சோர்வு, பதற்றம், மனநிலை மிகையாக ஏறியும் இறங்கியும் மாறும் இருமுனைக் கோளாறு போன்றவை அடியில் இருந்தால் மனநல மருத்துவர் அவற்றுக்கு மருந்து தருவார். கோபமும் கூடவே தணியும். கொஞ்சம் சரியானதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்த பிறகு

பன்னிரண்டு அமர்வுகள் முடிந்தபின், மூன்று மாதம் கழித்து ஒரு முறை வரச் சொன்னார்கள். அதற்குள் ஒரு மே மாதத்தில், தண்ணீர் லாரி வராத மூன்றாம் நாள், குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் படிக்கட்டில் நின்று கத்தினேன். எல்லாம் வீணாகிவிட்டது என்று அன்றிரவு எண்ணினேன். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும், வந்த அன்றே நோட்டை எடுத்துவிடுங்கள். நான் நேரம், இடம், அளவு 7 என்று எழுதி, அதற்கு முந்தைய மூன்று இரவுகளும் மின்தடையால் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் எழுதினேன். மறுநாள் காலையில் செயலாளர் வீட்டுக்குப் போய், கத்தியது தவறு என்று சொல்லிவிட்டு, லாரிக்காரரின் எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், குறைத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தாள்.